பார்த்துச் சொல்ல வேண்டியவள்

உருளைக்கிழங்கு தோண்டுகிற மூன்று வாரமும் சேன்-ப்ரிஸில் பள்ளிக்கூடம் கிடையாது. செப்டம்பர் நடுவில் சாத்தினால் அக்டோபர் முதல் வாரம் கழிந்துதான் கதவைத் திறப்பார்கள். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தின் வடக்கு மூலை அது. ஆற்றுக்கு அக்கரையில் கனடா; இக்கரையிலும் வீடுகளில் பேச்சு பிரெஞ்சுதான். உறைபனி மண்ணுக்குள் இறங்குவதற்குள் கிழங்கு வெளியே வந்துவிட வேண்டும். அதனால் கூடை தூக்கத் தெம்புள்ள பிள்ளைகளிலிருந்து குனிய முடிகிற கிழவர்கள் வரை எல்லாரும் வயலில்தான் கிடப்பார்கள்.

உவெலெட் வீட்டு அடுப்படியில் பதினோரு பேர் சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். வீட்டுக்காரர் நார்மான், அவர் தங்கை ஃபெர்னாந்த், அவள் புருஷன், கூலிக்கு வந்த அக்கம்பக்கத்தார் என்று நீள மேஜையின் இரண்டு பக்கமும் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நார்மானின் மனைவி ஜிஸேல் மட்டும் உட்கார மாட்டாள். மஞ்சள் மாவைக் கரைத்துச் சூடேறிய இரும்புக் கல்லில் ஊற்றிக்கொண்டே இருப்பாள். ப்ளாய் என்கிற அந்தத் தோசையைத் திருப்பிப் போடக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் வெந்து, மேலெல்லாம் கண் கண்ணாகத் திறக்க வேண்டும். அந்தக் கண்களுக்குள் வெண்ணெய் இறங்கும். கரும்புப் பாகை ஊற்றிச் சுருட்டினால் நார்மான் ஏழு தின்பார், ஃபெர்னாந்த் எட்டு.

"அண்ணி, நீங்க எப்ப உக்காருவீங்க?" என்பாள் ஃபெர்னாந்த், வாய் நிறைய அடைத்துக்கொண்டு.

"எனக்கு அப்பவே ஆச்சு."

"எப்ப ஆச்சு? நான் வந்ததுலேருந்து கல்லுகிட்டயே நிக்கிறீங்க."

"நீ வர்றதுக்கு முன்னாடி. நீ வர்ற நேரத்துக்குக் காத்திருந்தா நான் பட்டினிதான் கெடக்கணும்."

மேஜையே சிரிக்கும். ஃபெர்னாந்த் தாமதமாக வருவது ஊரறிந்த சங்கதி. பாத்திரத் தொட்டிக்குள் ஒரு தட்டு கிடக்கும். அதில் பாகு ஒட்டியிருக்கும், முள்கரண்டி குறுக்கே கிடக்கும். யார் பார்த்தாலும் சாப்பிட்டு எழுந்த தட்டு என்றுதான் சொல்வார்கள். அந்தப் பாகை விரலால் தொட்டு வட்டமாகத் தடவி வைப்பது ஜிஸேல்தான் என்று அந்த வீட்டில் ஒருத்திக்கு மட்டும் தெரியும். மகள் மரியெல்லுக்கு. வயது பதின்மூன்று.

அவளுக்கு அது தெரியவந்தபோது வயது எட்டு. கோழிக்கூண்டுக்குப் பின்னால் அம்மா தன் ஏப்ரன் பையிலிருந்து ஒரு முழு ப்ளாயை எடுத்து நாய்க்குப் போடுவதைப் பார்த்துவிட்டாள். ஜிஸேல் திடுக்கிட்டுத் திரும்பினாள். பிறகு முட்டிபோட்டு உட்கார்ந்து மகளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு வயிறு சரியில்லடி. அப்பாகிட்ட சொல்லாத. பாவம், அவருக்கு ஏற்கனவே ஆயிரம் கவலை."

"நாளைக்குச் சாப்பிடுவியாம்மா?"

"நாளைக்குச் சாப்பிடுவேன். நீ நல்ல பொண்ணுல்ல? இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்."

நம்ம ரெண்டு பேர் என்ற அந்த வார்த்தை குழந்தைக்கு மிட்டாய் மாதிரி இருந்தது. அம்மா தன்னிடம் மட்டும் ஒன்றை ஒப்படைத்திருக்கிறாள் என்று நெஞ்சு நிமிர்த்தி நடந்தாள். நாளை என்பது வரவேயில்லை. ஆனால் அதற்குள் மரியெல் பழகிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து சாப்பிட உட்காரும்போது அம்மாவின் தட்டிலிருந்து கறித்துண்டு சத்தமில்லாமல் தன் தட்டுக்கு வரும். அவளும் சத்தமில்லாமல் தின்பாள். தின்றால் அம்மாவின் முகம் தெளியும். அதற்காகவே பசியில்லாமல் தின்றாள். பள்ளியில் பையன்கள் அவளைப் பீப்பாய் என்று கூப்பிட்டார்கள். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லவில்லை.

சாப்பிடாத ஜிஸேலுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே கிடையாது. பத்திரிகைகளிலிருந்து சமையல் குறிப்புகளைக் கத்தரித்து மூன்று செருப்புப் பெட்டி நிறைய வைத்திருந்தாள். மரியெல் சிர் குடும்பத்தார் வீட்டுக்கோ வேறு யார் வீட்டுக்கோ போய்வந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வாள்.

"சிர் வீட்டுல என்ன போட்டாங்க?"

"கோழி ஸ்டூ."

"கெட்டியாவா, தண்ணியாவா?"

"கெட்டியா. மேல மாவு உருண்டை போட்டிருந்தாங்க."

"உருண்டை உள்ள வெந்திருந்துச்சா? பிச்சா பஞ்சு மாதிரி வந்துச்சா?"

"வந்துச்சும்மா."

"வெண்ணெய் வாசம் இருந்துச்சா? மெல்லமா சொல்லு, எங்க ஓடுற?"

மரியெல் மெதுவாகச் சொல்வாள். ஜிஸேல் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். அந்தப் பேச்சு முடியும்போது இரண்டு பேருமே களைத்துப் போயிருப்பார்கள். ஊரில் வேறெந்தப் பெண்ணுக்கும் அம்மா இவ்வளவு நெருக்கமாக இல்லை என்று மரியெல் நினைத்துக்கொள்வாள். பிற்காலத்தில் அவளை அதிகம் உறுத்தியது அதுதான்: அந்த நாட்களில் அவள் சந்தோஷமாக இருந்தாள்.

நார்மான் கவனிக்காத மனிதரல்ல. கவனித்ததை என்ன செய்வதென்று தெரியாத மனிதர். பெண்டாட்டியின் கல்யாண மோதிரம் விரலில் நிற்காமல் போனபோது நூல் சுற்றிக் கொடுத்தார். "உங்கம்மாவுக்குச் சின்ன வயிறு, அவங்க வீட்டுலயே எல்லாரும் அப்படித்தான்" என்பார். முந்தின குளிர்காலத்தில் ஒருநாள் கிழங்குக் கிடங்கில் அழுகலைப் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது, மகள் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னார்.

"மரியெல், நான் பூரா நாளும் வெளிய இருக்கேன். அவ சாப்பிடுறாளா இல்லையான்னு நீதான் பாத்துச் சொல்லணும்."

"சரிப்பா."

"நான் கேட்டா அவளுக்குக் கோவம் வருது. நீ வீட்டுல இருக்குற புள்ள. உன்னைத்தான் நம்பியிருக்கேன்."

அன்றிலிருந்து சாயங்காலம் பூட்ஸைக் கழற்றும்போதெல்லாம் அவர் கேட்பார், "சாப்பிட்டாளா?" மரியெல் சொல்வாள், "சாப்பிட்டா." வெறும் சாப்பிட்டாள் என்று சொன்னால் அப்பாவுக்கு நம்பிக்கை வராது என்று கண்டுகொண்டாள். "ரெண்டு ப்ளாய், கொஞ்சம் பன்றிக்கறி மசியல், அப்புறம் அரை ஆப்பிள்" என்பாள். அரை ஆப்பிள் என்று சொன்னதும் அவர் தோள் இறங்கும். முழு ஆப்பிளை யாரும் நம்ப மாட்டார்கள், அரையை நம்புவார்கள். பன்னிரண்டு வயதில் அவள் அதையெல்லாம் கற்றுக்கொண்டிருந்தாள்.

எண்பத்தைந்தாம் வருஷ அறுவடையின் இரண்டாவது வியாழக்கிழமை. காலையில் வயல் முழுக்க வெள்ளையாக உறைபனி கிடந்தது. குளிர்ந்த கிழங்கைத் தொட்டால் காயம்பட்டுக் கறுத்துவிடும் என்று வெயில் ஏறும்வரை காத்திருந்தார்கள். பத்து மணிக்குத்தான் கிழங்கு தோண்டும் எந்திரம் நகர்ந்தது. நார்மான் டிராக்டரில். பின்னால் இழுபட்டு வரும் எந்திரத்தின் மேடையில் பெண்கள் இரண்டு பக்கமும் நின்றார்கள். பூமியிலிருந்து கிழங்கும் கல்லும் கொடியும் மண்கட்டியும் கலந்து பெல்ட்டில் ஏறி வரும். கிழங்கை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பொறுக்கி வெளியே எறிய வேண்டும். பெல்ட் நிற்காது, அதனால் கையும் நிற்காது. தூசியில் பல்லெல்லாம் நறநறக்கும்.

ஜிஸேல் மூன்று ஸ்வெட்டருக்கு மேல் நார்மானின் பழைய கோட்டைப் போட்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஃபெர்னாந்த், எதிரில் மரியெல்.

"அண்ணி, வெயில் வந்தாச்சு. கோட்டைக் கழட்டுங்க, பாக்குறப்பவே எனக்கு வேர்க்குது."

"உனக்கு வேர்க்கும். எட்டு ப்ளாய் உள்ள எரியுதுல்ல."

"ஒம்பது. இன்னிக்கு ஒம்பது. எண்ணுறதாயிருந்தா சரியா எண்ணுங்க."

ஜிஸேல் சிரித்தாள். மரியெல்லும் சிரித்தாள். பெரிய கல் ஒன்று பெல்ட்டில் வந்தது. ஜிஸேல் அதைத் தூக்க இரண்டு கையையும் நீட்டினாள். நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. கல் அவளைக் கடந்து போயிற்று. என்ன இது, கல்லை விட்டுவிட்டாளே என்று மரியெல் நிமிர்வதற்குள் அம்மா பக்கவாட்டில் சாய்ந்துகொண்டிருந்தாள். ஃபெர்னாந்த் எட்டிப் பிடித்தாள். கையில் கோட்டின் தோள்பக்கம் மட்டும்தான் வந்தது; ஆள் அதற்குள்ளிருந்து நழுவி மேடைப் பலகையில் விழுந்தாள்.

"நிறுத்து! அண்ணே, நிறுத்து!"

டிராக்டர் இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. மரியெல் தன் பக்கமிருந்த சிவப்புக் கயிற்றை இழுத்தாள். எந்திரம் நின்றது. அந்த வயலில் திடீரென்று அத்தனை அமைதி. ஃபெர்னாந்த் குனிந்து ஜிஸேலைத் தூக்கினாள். யாரையும் துணைக்குக் கூப்பிடவில்லை. தூக்கிக்கொண்டு ஏணியில் ஒற்றைக் கையால் பிடித்து இறங்கினாள். டிராக்டரிலிருந்து இறங்கி வந்து கீழே நின்ற அண்ணனைப் பார்த்து அவள் உதடு கோணியது.

"அண்ணே, இவங்களுக்குக் கனமே இல்ல. என் கையில ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு."

பிக்கப்பில் நாற்பது நிமிஷம். டவுன் ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்ற நரம்பு கிடைக்காமல் நர்ஸ் மூன்று இடத்தில் குத்தினாள். ஸ்வெட்டர்களைக் கழற்றியிருந்தார்கள். அம்மாவின் வெறும் கையை மரியெல் இரண்டு வருஷமாகப் பார்க்கவில்லை. கோடையிலும் முழுக்கைச் சட்டைதான். இப்போது வெள்ளை விரிப்பின்மேல் அது கிடந்தது. முழங்கை மட்டும் பெரிதாக, மற்றதெல்லாம் குச்சியாக, மேலே பூனைமயிர் படர்ந்து. மரியெல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் ஹாலோரன் இங்கிலீஷ் மட்டும் பேசுகிறவர், தெற்கிலிருந்து வந்தவர். ஜிஸேல் கண் விழித்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

"இன்னிக்குக் காலையில."

"என்ன சாப்பிட்டீங்க?"

"எல்லாரும் சாப்பிட்டதுதான். தூக்கம் கம்மி டாக்டர். அறுவடை நேரம், வேற ஒண்ணுமில்ல."

டாக்டர் கையிலிருந்த காகிதத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "ரத்தம் அப்படிச் சொல்லலியே" என்றார்.

"என் பொண்ணைக் கேளுங்க. அவ எப்பவும் என்கூடத்தான் இருப்பா." பிறகு டாக்டருக்குப் புரியாத பிரெஞ்சில், மகள் பக்கம் திரும்பி, மிருதுவாக, "சொல்லு கண்ணு. நீதான் பாத்தியே" என்றாள்.

எல்லாரும் மரியெல்லைப் பார்த்தார்கள். அப்பா, அத்தை, டாக்டர், நர்ஸ். அவள் வாயில் பதில் தயாராக இருந்தது. ரெண்டு ப்ளாய், கொஞ்சம் மசியல், அரை ஆப்பிள். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அவள் கண் அந்தக் கையைவிட்டு நகரவில்லை.

"இல்ல" என்றாள்.

"என்ன இல்ல?" நார்மானின் குரல் உயர்ந்தது.

"சாப்பிடல. இன்னிக்கும் சாப்பிடல, நேத்தும் சாப்பிடல. அம்மா சாப்பிடுறதே இல்ல. நாய்க்குப் போட்டுடுவா. எனக்குப் போட்டுடுவா."

ஜிஸேல் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள். அவள் முகத்தில் மரியெல் அதுவரை பார்க்காத ஒரு அந்நியம் இருந்தது.

"பொய் சொல்றா" என்றாள் டாக்டரிடம், இங்கிலீஷில், நிதானமாக. "இவளுக்குப் பொய் சொல்றது பழக்கம். அவங்க அப்பாவையே கேளுங்க."

நார்மான் பெண்டாட்டியைப் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்தார்.

"தினமும் கேட்டேனே உன்னை. தினமும் பூட்ஸைக் கழட்டுறப்ப கேட்டேனே. என் மூஞ்சியைப் பாத்துச் சொன்னியே."

"அப்பா..."

"அரை ஆப்பிள்னு சொன்னியே!"

ஃபெர்னாந்த் குறுக்கே வந்து பெண்ணை இழுத்துத் தன் அழுக்குச் சட்டையோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். "விடுண்ணே. குழந்தைகிட்டயா கணக்குக் கேக்குற? இத்தனை பேர் அந்த மேஜையில உக்காந்து தின்னோமே, ஒருத்தருக்காவது கண்ணு இருந்துச்சா? எனக்கிருந்துச்சா?"

டாக்டர் அந்த நோயின் பெயரைச் சொன்னார். நார்மான் இரண்டு தரம் திருப்பிச் சொல்லச் சொன்னார். சாப்பாடு இருந்தும் சாப்பிடாமல் இருப்பதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே அவருக்குப் புதுசு. "வேணும்னு பண்றதில்லையா அப்ப?" என்று கேட்டார். "இல்ல, அவங்களால முடியறதில்ல" என்றார் டாக்டர். நார்மான் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றார்.

தெற்கே நாலு மணி நேரத் தொலைவில் பெரிய ஆஸ்பத்திரியில் ஜிஸேல் பதினோரு வாரம் இருந்தாள். மீதிக் கிழங்கை அக்கம்பக்கத்தார் வந்து தோண்டிக் கொடுத்தார்கள். வீட்டில் மரியெல் சமைத்தாள். அவள் ஊற்றிய ப்ளாய் கண் திறக்காமல் கல்லில் ஒட்டிக் கிழிந்தது. நார்மான் அதையும் தின்றார். சாயங்காலம் பூட்ஸைக் கழற்றும்போது பழக்கத்தில் வாயைத் திறப்பார், பிறகு மூடிக்கொள்வார். கேட்பதற்கு ஒன்றுமில்லை. ஆட்டுக்குட்டியைத் தடவுவதுபோல ஒருநாள் மகள் தலையைத் தடவிவிட்டுப் போனார். அதுதான் அவருக்குத் தெரிந்த மன்னிப்பு.

ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்கப் போவார்கள். ஜிஸேல் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். மழை எப்படி, கிடங்கில் எவ்வளவு அழுகியது, ஃபெர்னாந்த் இடுப்பு வலி எப்படி என்று எல்லாம் நார்மானிடம் கேட்பாள். மரியெல்லிடம், "ஸ்கூல் போறியா?" என்பாள். "போறேன்மா." அவ்வளவுதான்.

கிறிஸ்துமஸுக்கு வீடு வந்தபோது கன்னத்தில் சதை பிடித்திருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த பட்டியல்படி அளந்து சாப்பிட்டாள். ஆனால் எல்லாரும் எழுந்த பிறகு, அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு, தனியாக. மரியெல் தண்ணீர் குடிக்க உள்ளே போனால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பாள். ஒரு முறை மரியெல் கதவருகே நின்று, "இன்னிக்கு சிர் வீட்டுல மீன் சூப் போட்டாங்கம்மா" என்றாள். ஜிஸேல், "அப்படியா" என்றாள். கெட்டியா தண்ணியா என்று கேட்கவில்லை. மரியெல் மாடிக்குப் போனாள்.

அப்படியே வருஷங்கள் போயின. ஜிஸேல் நன்றாகவும் ஆகவில்லை, விழுந்துவிடவும் இல்லை. சில வருஷம் தேறுவாள், சில வருஷம் மறுபடி மெலிவாள். இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். பதினெட்டு வயதில் மரியெல் தெற்கே போய் நர்ஸ் படிப்பு படித்து அங்கேயே தங்கிவிட்டாள். கல்யாணம் செய்துகொண்டாள். ஞாயிறுதோறும் போன் பேசினார்கள். பேச்செல்லாம் பனி, ரோடு, யார் வீட்டில் குழந்தை, யார் போய்ச் சேர்ந்தார்கள் என்பதுதான். உண்மையைச் சொன்னதற்கு அம்மா தன்னை மன்னிக்கவில்லை என்று மரியெல் முடிவு கட்டியிருந்தாள். அதைப் பற்றிக் கேட்டுவிடலாம் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைப்பாள். அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிடுவாள். இப்படி இருபத்தாறு வருஷம்.

நார்மான் இறந்து மூன்றாவது வருஷம் ஜிஸேலின் இதயம் தளர்ந்துவிட்டது என்றார்கள். இதய டாக்டரிடம் கூட்டிப்போக மரியெல் லீவு போட்டுவிட்டு வந்தாள். திரும்பும் வழியில் பனி பிடித்துக்கொண்டது. ரோடு தெரியவில்லை. லாரிக்காரர்கள் நிற்கும் ஓட்டல் ஒன்றில் காரை ஒதுக்கினாள். ஜன்னலோர மேஜை. எதிரெதிராக உட்கார்ந்தார்கள். ஜிஸேல் பட்டாணி சூப் கேட்டாள். சூப் வந்தது. கரண்டியை எடுத்தாள், கலக்கினாள், வைத்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு, சரியாச் சொல்லு" என்றாள்.

"கொஞ்சம் கவனமா இருக்கணும்னாரு."

"மரியெல்."

"ரொம்ப நாள் இல்லன்னாரும்மா."

ஜிஸேல் தலையாட்டினாள். வெளியே பனி தள்ளும் வண்டி ஒன்று மஞ்சள் விளக்கோடு போயிற்று.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில உன்னைப் பொய்க்காரின்னு சொன்னேன்."

"அதெல்லாம் பழசும்மா."

"பழசுதான். நான் சொல்லி முடிச்சுக்கிறேன், குறுக்க பேசாத. பொய் சொல்ல உனக்கு யாரு கத்துக்குடுத்தா? நான். எட்டு வயசுப் புள்ளைக்கு. கத்துக்குடுத்துட்டு, நீ ஒரே ஒரு தடவை நெசத்தைச் சொன்னப்ப பொய்க்காரின்னுட்டேன். திரும்பி வந்தப்புறம் உன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு ஒரு வாய் வைக்க முடியல எனக்கு."

"உனக்கு எம்மேல கோவம்னு நெனச்சேன்."

"கோவமா?" ஜிஸேல் சிரித்தாள். "கோவமா இருந்திருந்தா வயிறு நெறைய சாப்பிட்டிருப்பேன்டி. வெக்கம். வெக்கத்துக்குத்தான் பசிக்காது."

"நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்மா. அஞ்சு வருஷம் சும்மா இருந்தேன்."

"சொல்லியிருந்தா அப்பவும் உன்னைப் பொய்க்காரின்னுதான் சொல்லியிருப்பேன். நீ குழந்தை." ஜிஸேல் கை நீட்டி மகளின் மணிக்கட்டைத் தொட்டாள். "ஒரு தடவை கேட்டிருக்கலாம்ல நீ? நானும் சொல்லியிருக்கலாம். ரெண்டு கழுதைங்க."

பரிமாறுகிற பெண் காபி ஊற்றிவிட்டு, "சூப் நல்லாயில்லையா அம்மா?" என்று கேட்டாள். "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்றாள் ஜிஸேல். கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள். மரியெல் அந்தக் கரண்டியைப் பார்த்தாள். பார்ப்பதை அம்மா பார்த்தாள். கரண்டி கிண்ணத்தின் விளிம்பில் நின்றது.

"நீ போய்க் காரைச் சூடு பண்ணி வை" என்றாள் ஜிஸேல், கெஞ்சலும் இல்லாமல் அதட்டலும் இல்லாமல். "நான் பின்னாடியே வரேன்."

மரியெல் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். காரில் ஏறி எஞ்சினைப் போட்டாள். கண்ணாடி முழுக்கப் பனி அப்பியிருந்தது. இறங்கி அதைச் சுரண்டத் தொடங்கினாள். ஓட்டல் ஜன்னல் வெளிச்சம் பத்தடி தூரத்தில் பனியின்மேல் மஞ்சளாக விழுந்து கிடந்தது. தலையைத் திருப்பினால் போதும், அம்மா தெரிவாள். அவள் காரின் மறுபக்கம் போய், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு சுரண்டினாள். சுரண்டியது மறுபடி மூடியது. மறுபடி சுரண்டினாள். விரல் மரத்துப் போயிற்று. கால் மணி, அதற்கு மேலும் ஆயிற்று. ஒரு முறைகூட அவள் திரும்பவில்லை.

கதவு திறந்து சாத்தும் சத்தம் கேட்டது. ஜிஸேல் மெல்ல அடியெடுத்து வந்து காரில் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்து மாட்டினாள். "போலாம்" என்றாள்.

அடுத்த மார்ச்சில், பனி உருகுவதற்கு முன்பே, அவள் போய்விட்டாள். பனி பெய்த அன்று ஓட்டலில் அந்தச் சூப் கிண்ணம் காலியானதா, அப்படியே இருந்ததா என்று மரியெல்லுக்குத் தெரியாது. அம்மா காரில் வந்து உட்கார்ந்தபோதும் அவள் கேட்கவில்லை. கியரைப் போட்டு, விளக்கைத் தாழ்த்தி, பனி தள்ளும் வண்டி போட்டுவிட்டுப் போன தடத்திலேயே மெதுவாக வடக்கே ஓட்டினாள்.